கமக்காரரின் வாக்கு: யப்பானிய மேற்சபைத் தேர்தல் புகட்டும் பாடம்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் முழு வடிவம்)



யப்பான் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன இயந்திரங்களும் மோட்டார் வண்டிகளுமே. அந்த நாட்டிலும் சேற்றில் இறங்கி நெல் விளைவிக்கும் கமக்காரன் இருக்கின்றான் என்பதையும், அவன் தன் கையிலிருந்த வாக்குச் சீட்டைக் கொண்டு ஒருமுறை மாபெரும் ஆளுங்கட்சியை நிலைகுலையச் செய்தான் என்பதையும் நம்மில் பலர் அறியார். அந்த வரலாற்றையே இன்று தங்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1989 ஆம் ஆண்டு யூலை மாதம் 23 ஆந் திகதி யப்பானிய மேற்சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. 1955 ஆம் ஆண்டிலே தோன்றிய நாள் முதலாக இடையறாது ஆட்சி நடாத்திவந்த தாராள ஜனநாயகக் கட்சி, மேற்சபையிலே தன் பெரும்பான்மையை முதன்முறையாக அன்று இழந்தது. நகரத்துத் தொழிலாளரும் மாணவரும் அக்கட்சியை எதிர்ப்பது புதிதன்று. நாட்டுப்புறத்து வயல்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் அன்று எழுந்த எதிர்ப்பே புதிது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெட்டியிலே விழுந்துவந்த வாக்குகள் ஏன் இடம் பெயர்ந்தன? அவ்வாறு பெயர்ந்தமையால் கமக்காரனுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமற் போனது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்போமாக.

மேற்சபையின் இயல்பு

முதற்கண் அந்த மேற்சபை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். யுத்தத்துக்கு முன்னர் யப்பானில் பிரபுக்கள் சபை ஒன்று இருந்தது. அரச குடும்பத்தினர், பிரபுக்கள், சக்கரவர்த்தியின் நியமனம் பெற்றோர், பெருந்தொகை வரி செலுத்துவோர் ஆகியோர் அதிலே வீற்றிருந்தனர். யுத்தத்தில் தோல்வியுற்றபின், 1947 ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய அரசியற் சட்டம் அச்சபையை ஒழித்து, பொதுமக்களின் நேரடி வாக்கினாலே தெரியப்படும் மேற்சபையை அதன் இடத்தில் அமைத்தது. அதற்கான முதலாவது தேர்தல் அவ்வாண்டு ஏப்ரில் 20 ஆந் திகதி நடந்தேறியது. அதே 1947 ஆம் ஆண்டில் இலங்கையில் அமைந்த செனற் சபையின் 30 உறுப்பினருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. எஞ்சிய 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். மக்கள் வாக்கிலே வேரூன்றாத அந்தச் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டது. யப்பானிய மேற்சபையோ மக்கள் வாக்கிலே வேரூன்றி நிலைத்தது.

அச்சபையின் உறுப்பினருக்குப் பதவிக் காலம் ஆறு ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுள் பாதிப் பேர் தேர்தலுக்கு முகங்கொடுக்க வேண்டும். கீழ்ச்சபையைப் பிரதம மந்திரி தமக்கு வாய்ப்பான வேளை பார்த்துக் கலைக்கலாம். மேற்சபையைக் கலைக்க எவராலும் இயலாது. ஆட்சியாளருக்கு நல்ல காலமாயினும் கெட்ட காலமாயினும் தவணை தப்பாமல் அத்தேர்தல் வந்தே தீரும்.

வரவு செலவுத் திட்டம், பிறநாட்டு உடன்படிக்கை, பிரதம மந்திரியின் தெரிவு ஆகிய மூன்றிலும் இரு சபைகளும் மாறுபடுமாயின் கீழ்ச்சபையின் முடிவே நிற்கும். ஏனைய மசோதாக்களை மேற்சபை நிராகரித்தாலோ, கீழ்ச்சபை அவற்றை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் மீண்டும் நிறைவேற்றினாலன்றி அவை சட்டமாகா. ஆகவே, மேற்சபையை இழந்த அரசாங்கம் பதவியில் இருக்கலாம்; எண்ணியபடி சட்டம் இயற்ற இயலாது. வாக்காளனுக்கு இதிலே ஒரு வசதி உண்டு. அரசாங்கத்தையே கவிழ்த்துவிடும் அச்சமின்றி அதனைக் கண்டிக்க அவனால் இயலும்.

1989 ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 ஆசனங்களுக்குப் போட்டி நிகழ்ந்தது. அவற்றுள் 50 ஆசனங்கள் நாடளாவிய கட்சிப் பட்டியல்களின் வழியாகவும், 76 ஆசனங்கள் மாகாணங்களிலிருந்தும் நிரப்பப்பட்டன. 26 மாகாணங்களுக்குத் தலா ஓர் ஆசனமே உரியது. இவை பெரும்பாலும் நெல்லும் பழமும் விளையும் நாட்டுப்புற மாகாணங்கள். ஆளுங்கட்சி தன் சொந்தக் களஞ்சியம் எனக் கருதியிருந்த இடங்களும் இவையே.

கமக்காரனும் கட்சியும்

அந்த நம்பிக்கை எங்ஙனம் உண்டாயிற்று? யுத்தத்தின் பின் அந்நியப் படையினரின் மேலாணையின் கீழ், 1946 முதல் 1950 வரை யப்பானில் நிலச் சீர்திருத்தம் நடைபெற்றது. ஊரில் வாழாத நிலப்பிரபுவின் குத்தகை நிலம் முழுவதையும் அரசாங்கம் வாங்கிற்று. ஊரில் வாழ்ந்த நிலப்பிரபு, வடக்கே ஹொக்கைடோ தீவு நீங்கலாக ஏனைய இடங்களில், ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட குத்தகை நிலத்தை வைத்திருக்க இயலாதாயிற்று. வாங்கிய நிலம் உழுதவனுக்கே விற்கப்பட்டது. மொத்தப் பயிர்நிலத்தில் நூற்றுக்கு 46 அளவினதாயிருந்த குத்தகை நிலம் 10 அளவுக்குக் குறைந்தது. நேற்று வரை பிறன் வயலில் வியர்வை சிந்தியவன் தன் வயலுக்கு உடையவனானான். உடைமை பெற்றவன் அதனைக் காக்கும் கட்சியை நாடுவது இயல்பன்றோ?

அதன்மேல் நெல்விலை வந்தது. யுத்தகாலத்தில், 1942 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அரசாங்கமே விளைச்சலை விலை கூறி வாங்கியது. ஆண்டுதோறும் அந்த விலை நிர்ணயிக்கப்படும் வேளையில் கூட்டுறவுச் சங்கங்கள் தலைநகரிலே திரண்டு குரல் எழுப்பும். நாட்டுப்புறத்து ஆளுங்கட்சி உறுப்பினர் அவற்றுக்காக வாதாடுவர். கமக்காரனிடம் உயர்ந்த விலைக்கு வாங்கி, உண்பவனுக்குக் குறைந்த விலைக்கு விற்று, இடையிலுள்ள நட்டத்தைத் திறைசேரி ஏற்ற காலமும் உண்டு. பதிலுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தேர்தலிலே கட்சிக்கு உழைத்தன. சனத்தொகை நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னரும் ஆசனங்கள் அதற்கேற்ப மாறாமையால் நாட்டுப்புறத்தானின் வாக்குக்கு நிறை அதிகம். 1992 ஆம் ஆண்டு மேற்சபைத் தேர்தலில் ஒரு மாகாணத்துக்கும் இன்னொரு மாகாணத்துக்கும் இடையே வாக்கின் பெறுமதி 6.59 மடங்கு வேறுபட்டிருந்ததை, 1996 இல் உயர் நீதிமன்றம் அரசியற் சட்டத்துக்கு ஒவ்வாத நிலை எனக் கூறியது.

கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டிலே தொடக்கத்தில் இரு திறத்தாருக்கும் நயம் இருந்தது. காலஞ் செல்லச் செல்ல, வாக்குக் கொடுப்பது ஒரு பழக்கமாயிற்று. கேளாமலே கிடைக்கும் பொருளுக்கு எவரும் விலை கூறுவதில்லை. கமக்காரன் எங்கே போய்விடப் போகின்றான் என்ற எண்ணம் ஆள்வோர் மனத்தில் வேர்விட்டது.

விரிசல்

1970 ஆம் ஆண்டளவிலே அரிசி மிதமிஞ்சிச் சேர்ந்தமையால் வயலின் ஒரு பகுதியிலே நெல் விதையாது விடுமாறு அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. 1987 ஆம் ஆண்டில் கொள்விலையை நூற்றுக்கு 5.95 வீதம் குறைத்தது. 31 ஆண்டுகளில் அதுவே முதற் குறைப்பு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தக் கணக்கை யப்பானியக் கமக்காரனும் பார்க்கத் தொடங்கினான்.

மறு ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவுடன் ஓர் இணக்கம் செய்யப்பட்டது. 1991 ஏப்ரில் முதலாக மாட்டிறைச்சிக்கும் தோடம்பழத்துக்கும் இருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நீக்க யப்பான் ஒப்பியது. எகிமே, வாக்கயாமா மாகாணங்களின் பழத்தோட்டக்காரரும், தெற்கே ககோசிமா, மியசாக்கி மாகாணங்களின் மாடு வளர்ப்போரும் திகைத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிலே அமெரிக்க அரிசி ஆலைக்காரர், யப்பான் தன் அரிசிச் சந்தையையும் திறக்க வேண்டுமெனத் தம் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தனர். யப்பானியப் பாராளுமன்றம் அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும், தோடம்பழத்துக்கு நேர்ந்த கதி நாளை அரிசிக்கும் நேராது என்று எவரால் உறுதி கூற இயலும்?

இந்நிலையில் வேறு மூன்று காரணங்களும் சேர்ந்தன. முதலாவது, நுகர்வு வரி. பெருமளவிலான மறைமுக வரியை விதிக்கமாட்டோம் என்று 1986 ஆம் ஆண்டுத் தேர்தலிலே பிரதம மந்திரி நகசோனே வாக்களித்துப் பெருவெற்றி ஈட்டினார். அடுத்த ஆண்டே அவர் அரசாங்கம் விற்பனவு வரி மசோதாவைக் கொணர்ந்தது. 1987 மார்ச்சு மாதத்தில், ஆளுங்கட்சிக்கு உறுதியான இடமெனக் கருதப்பட்ட இவாத்தே மாகாணத்து மேற்சபை இடைத்தேர்தலில் சோசலிசக் கட்சி வென்றது, மசோதா கைவிடப்பட்டது. அந்த எச்சரிக்கையை மறந்து, அடுத்து வந்த தக்கேசித்தா அரசாங்கம் 1988 டிசெம்பரிலே நுகர்வு வரிச் சட்டத்தை நிறைவேற்றி, 1989 ஏப்ரில் 1 ஆந் திகதி முதல் நூற்றுக்கு 3 வீத வரியை அறவிடத் தொடங்கியது. கடைக்குச் செல்லும் ஒவ்வொரு இல்லத்தரசியும் நாள்தோறும் அதனை உணர்ந்தாள்.

இரண்டாவது, ரிக்குரூட் ஊழல். அந்த வணிக நிறுவனம் தன் துணைக் கம்பனியின் பங்குகளைச் சந்தைக்கு வருமுன்னரே அரசியல்வாதிகளுக்குக் கொடுத்து அவர்களை ஆதாயமடையச் செய்தமை அம்பலமாயிற்று. தக்கேசித்தா பதவி விலகினார். மூன்றாவது, அவருக்குப் பின் 1989 யூனில் பதவியேற்ற உனோ பிரதம மந்திரியின் தனிவாழ்வு பற்றிப் பெண்ணொருத்தி பத்திரிகையில் வெளியிட்ட செய்தி. போதாக்குறைக்குப் பெண்கள் அரசியலுக்கு உதவார் என்னும் கருத்துப்படத் தேர்தற் காலத்திலே விவசாய மந்திரியே பேசினார்! ஆடவர் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்ல, பாட்டனும் பாட்டியும் தாயுமே வயலைக் கவனித்துவந்த நாடு அது. கமத்துக்குப் பொறுப்பான மந்திரி இகழ்ந்தது அந்தக் கமத்தைத் தாங்கிய கைகளையே.

தீர்ப்பு

சோசலிசக் கட்சியின் தலைவியாக அப்போது விளங்கியவர் டோயி தகாக்கோ அம்மையார். 1986 இல் அப்பொறுப்பை ஏற்ற அவரே யப்பானில் பெருங் கட்சியொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி. வரியை ஒழிப்போம், கமத்தைக் காப்போம் என்னும் முழக்கத்தோடு அவர் களமிறங்கினார். தொழிற்சங்க இணைப்பின் ஆதரவுடன் றெங்கோ அணியும் பல மாகாணங்களில் அபேட்சகர்களை நிறுத்தியது.

முடிவு வந்தது. சோசலிசக் கட்சி 46 ஆசனங்களையும், ஆளுங்கட்சி 36 ஆசனங்களையும், றெங்கோ அணி 11 ஆசனங்களையும் பெற்றன. ஓர் ஆசன மாகாணங்கள் 26 இலும் ஆளுங்கட்சி வென்றவை மூன்றே, இருபத்துமூன்றில் தோற்றது. 252 பேர் கொண்ட சபையில் அதன் பலம் 109 ஆகச் சுருங்கிற்று. பெண்கள் 22 பேர் தெரிவாயினர். மறுநாளே உனோ பதவி விலகுவதாக அறிவித்தார்.

அந்தக் கமக்காரர் ஓரிரவில் சோசலிசவாதிகளாக மாறினர் என்று கருதுவது தவறு. அவர்கள் நிலவுடைமையாளர்; பழைமை பேணுவோர். தம் வாக்கு எவருக்கும் முதுசொம் அன்று என்பதையே உணர்த்த விரும்பினர். அதற்கு மேற்சபைத் தேர்தல் ஏற்ற களமாயிற்று.

வென்றபின்

பயன் யாது? ஓகஸ்ட் 9 ஆந் திகதி மேற்சபை டோயி அம்மையாரைப் பிரதம மந்திரியாகப் பெயர் குறித்தது. கீழ்ச்சபை கைபு தொசிக்கி அவர்களைக் குறித்தது. 1948 இன் பின் இரு சபைகளும் இவ்விடயத்தில் மாறுபட்டது அதுவே முதன்முறை. சட்டப்படி கைபு பதவியேற்றார். டிசெம்பரிலே நுகர்வு வரி ஒழிப்பு மசோதாவை மேற்சபை நிறைவேற்றியது. கீழ்ச்சபையில் அது மாண்டது. 1990 பெப்ரவரியில் நடந்த கீழ்ச்சபைத் தேர்தலில் ஆளுங்கட்சி 275 ஆசனங்களோடு மீண்டது; சோசலிசக் கட்சி 136 பெற்றது.

அங்ஙனமாயின் எல்லாம் வீணோ? இல்லை. எதிர்க்கட்சிகளின் இணக்கமின்றிச் சட்டம் இயற்ற இயலாத அரசாங்கம் இறங்கி வரவேண்டியதாயிற்று. 1991 இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டு, குடியிருப்பு வாடகை, பிரசவச் செலவு போன்றவை விலக்கப்பட்டன. அரிசிச் சந்தையின் கதவும் உடனே திறக்கப்படவில்லை.

இனித்தான் கசப்பான பகுதி. 1993 ஆம் ஆண்டிலே ஆளுங்கட்சி பிளவுபட்டுப் பதவி இழந்தது. ஹொசகாவா தலைமையில் அமைந்த கூட்டரசாங்கத்தில் சோசலிசக் கட்சி பெரும் பங்காளியாயிற்று. அவ்வாண்டு கடுங்குளிரால் நெல் பொய்த்து, வெளிநாட்டு அரிசி பெருமளவில் வரவழைக்கப்பட்டது. டிசெம்பரிலே, உலக வர்த்தகப் பேச்சுக்களின் முடிவில் அக்கூட்டரசாங்கம் அரிசிச் சந்தையைத் திறக்க ஒப்பியது. உள்நாட்டு நுகர்வின் நூற்றுக்கு 4 வீதத்தில் 1995 இல் தொடங்கி 2000 ஆம் ஆண்டில் 8 வீதமாக உயர்த்துவது என்பது ஏற்பாடு. 1994 இல் சோசலிசத் தலைவர் முறாயமாவே, முன்னாளைய எதிரியான தாராள ஜனநாயகக் கட்சியுடன் கூடிப் பிரதம மந்திரியானார். அவர் ஆட்சியிலேதான் நுகர்வு வரியை 5 வீதமாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. 1997 ஏப்ரிலில் அது நடைமுறைக்கு வந்தது. வரியை ஒழிப்போம் என்று 46 ஆசனங்கள் பெற்ற கட்சியின் கையாலேயே வரி உயர்ந்தது!

வாக்காளர் இதனை மறக்கவில்லை. 1995 மேற்சபைத் தேர்தலில் அக்கட்சி 16 ஆசனங்களையே பெற்றது. ஆயின், 1989 இல் நூற்றுக்கு 65 ஆக இருந்த வாக்களிப்பு அப்போது 45 இற்கும் கீழே இறங்கியது. மக்கள் சினங் கொள்வதையும் விட்டு வீட்டில் இருந்துவிட்டனர். ஆள்வோருக்கு இதைவிட உவப்பான செய்தி வேறுண்டோ?

பின்னரும் நாட்டுப்புறம் ஒருமுறை விழித்தது. 2007 யூலையில் ஓர் ஆசன மாகாணங்கள் 29 இல் தாராள ஜனநாயகக் கட்சி ஆறிலேயே வென்றது. கமக்காரனுக்கு நேரடி வருமான உதவி அளிப்போம் என்று எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி கூறியிருந்தது. 2009 இல் ஆட்சிக்கு வந்த அக்கட்சி, 2010 முதல் நெல்வயலுக்குப் பத்து ஆருக்கு, அதாவது ஏறத்தாழக் கால் ஏக்கருக்கு, 15,000 யென் வழங்கியது. 2012 இறுதியில் பழைய கட்சி மீண்டது. 2014 இல் அத்தொகை பாதியாயிற்று. 2018 இல் அடியோடு நிறுத்தப்பட்டது.

2025 யூலை 20 ஆந் திகதி நடந்த மேற்சபைத் தேர்தலிலும் அரிசியும் நுகர்வு வரியுமே பேச்சாயின. வரி 2019 முதல் 10 வீதமாக இருந்தது. அரிசியின் கடைவிலை ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்காகி இருந்தது. ஆளுங் கூட்டணி மேற்சபையில் பெரும்பான்மையை இழந்தது. இம்முறை விலையேற்றத்தால் வெகுண்டவர் அரிசி வாங்குவோர். விளைவிப்போரின் தொகையோ அருகிவிட்டது. 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24 இலட்சமாக இருந்த கமத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோர் தொகை 2024 இல் ஏறத்தாழ 11 இலட்சமாயிற்று. அவர்களின் சராசரி வயது 69. வாக்குக்கு நிறை இருந்த நாளிலே பெற்ற உதவிகள் விலையைத் தாங்கின; வயலுக்குப் பின்னோனைத் தேடித் தரவில்லை.

பாடம்

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை?

ஒரு கட்சிக்கு உரித்தான உடைமை எனக் கருதப்படும் வாக்கு, பேரம் பேசும் வலிமையை இழக்கின்றது. அது எவ்வளவு நியாயமான காரணத்தோடு தொடங்கிய பற்றாயினும் இவ்விதி பொருந்தும். யப்பானியக் கமக்காரன் 34 ஆண்டுகள் கொடுத்து வந்தபோது, அவனைக் கேளாமலே விலையைக் குறைத்தனர்; அவனைக் கேளாமலே சந்தையைத் திறந்தனர். ஒருநாள் அவன் கொடாது நின்றபோது பிரதம மந்திரி விலகினார்.

எனினும், வாக்கைப் பெயர்த்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. விதைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அறுவடைக்கு வருபவனைக் கமக்காரன் என்று நாம் அழைப்போமா? நீர் கட்டல் வேண்டும். களை பிடுங்கல் வேண்டும். வேலி காத்தல் வேண்டும். 1989 இல் விதைத்தவர் 1993 இலும் 1994 இலும் காவல் நிற்கவில்லை. பழைய கட்சிக்குக் கணக்குக் கேட்டவர், புதிய கட்சியிடம் கணக்குக் கேட்கும் அமைப்பைக் கட்டி எழுப்பவில்லை. அவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு கட்சியோடு பேசவே பழகியிருந்தன.

இங்கே கற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. மாட்டிறைச்சி இணக்கத்தின் ஒவ்வொரு வாசகமும், வரிச் சட்டத்தின் ஒவ்வொரு விலக்கும் கமக்காரனின் அடுப்பைத் தொடுகின்றன. ஆயின் அவை எழுதப்படும் மொழி அவனுக்கு விளங்குவதில்லை. சட்டத்தரணியும் ஆசிரியரும் கணக்காளரும் அவற்றைப் படித்து, ஊர்த் திண்ணையில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். கமக்காரன் தன் வயலின் உண்மையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்விருவரும் தேர்தலுக்குத் தேர்தல் சந்தித்துப் பிரிவாராயின் வாக்கு வலிமை பெறாது. ஒவ்வொரு போகத்திலும் கூடியிருந்து, சொன்னது எது, செய்தது எது என்று ஏட்டில் எழுதி வைப்பாராயின், எந்தக் கட்சியும் அவர்களைக் கேளாது நடக்கத் துணியாது.

யப்பானிய மேற்சபைக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாது தேர்தல் வருகின்றது. அந்த நாளை மட்டும் நம்பியிருந்தவன் ஒருநாள் வென்றான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளிலே தோற்றான். அந்த இடைக்காலத்தை வீணாக்காதிருக்க வேண்டும் என்பதே நாம் தங்களிடம் வேண்டிக்கொள்வது.